ரேம் வாங்கினா போதாது, இடம் பார்த்துப் போடுங்க!

கத்திவாக்கத்துல ரயில் ஏறி, ரிச்சி தெருவுக்குப் போய் ரேம் வாங்கப் போறீங்களா? முதல்ல பழைய ரேம் டிடிஆர் 3-ஆ, 4-ஆ என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

மதர்போர்டில் 4 ஸ்லாட் இருக்கா? ஒரே அளவு ரேம் இரண்டு என்றால், பெரும்பாலும் பிராசஸர் பக்கமிருந்து 2, 4-ஆவது ஸ்லாட்தான் சரி. 1, 2 என்று அடுத்தடுத்துச் சொருகினால் பல போர்டுகளில் தரவு ஒரே பாதையில்தான் போகும். எண்ணூர் விரைவுச் சாலையில லாரிங்க ஒரே வரிசையில நிக்கிற மாதிரி! கொடுத்த காசுக்கு முழு வேகம் கிடைக்காது.

போர்டில் அச்சிட்ட மாடல் எண்ணைப் போனில் படமெடுத்து, அதன் கையேட்டைப் பாருங்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே கை வையுங்கள். 'க்ளிக்' சத்தம் கேட்கணும், அவ்வளவுதான்!