ஆசிரியரை எழுதிய மாணவர்கள்



அறிஞர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாற்று நூல்களைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் பணித்தார்கள். பரப்பு மிகப் பெரியது. ஆகவே, ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையை அவருடைய மாணவரே எழுதிய நூல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியரும் மாணவரும் கூடியிருக்கும் அவையில் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தோன்றவில்லை.

நம் மாணவர்கள் ஓர் அறிஞரைப் பற்றிக் கட்டுரை எழுதும் முறையை நாம் அறிவோம். முதற்பத்தியில் பிறப்பு, அடுத்ததில் கல்வி, பிறகு இயற்றிய நூல்கள், பெற்ற பட்டங்கள், இறுதியில் மறைவு. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அதே கட்டுரை வேறோர் அறிஞருக்கும் பொருந்திவிடும். நானும் அவ்வாறே எழுதினேன்; ஆசிரியரான பிறகு அவ்வாறே எழுதவும் கற்பித்தேன். ஓர் அறிஞர் எவ்வாறு அறிஞரானார் என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரைகளில் விடை இராது. அந்த விடையைத் தரும் நூலே வாழ்க்கை வரலாறு என்பதை, டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய நூலைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815ஆம் ஆண்டு பிறந்து 1876ஆம் ஆண்டு மறைந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கினார். தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளுமாக அவர் பாடிய செய்யுட்கள் எண்ணற்றவை. ஏறத்தாழ அவருடைய கடைசி ஐந்தாண்டுகளில் உடனிருந்து பாடம் கேட்டவர் சாமிநாதையர். ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து அப்போது ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. மாணவருக்கு எழுபத்தெட்டு வயது. இத்தனை காலம் கடந்தும் அந்நூல் பழுதின்றி அமைந்தது எப்படி? நினைவாற்றல் ஒரு காரணம். ஆசிரியர் எழுதிய கடிதங்களையும் தனிப்பாடல்களையும் சேர்த்து வைத்ததும், ஆசிரியரோடு பழகியவர்களைத் தேடிச் சென்று கேட்டதும் அதனினும் பெரிய காரணங்கள். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த அதே கால்கள்தாம் ஆசிரியரின் வாழ்க்கையைத் தேடியும் அலைந்தன.

அந்நூலில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்று. இளம் வயதில் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் தண்டியலங்காரம் கற்க வேண்டுமென்ற ஆவல் எழுந்தது. நூலோ கிடைத்தற்கரியது. திருச்சிராப்பள்ளியில் வீடு வீடாகப் பிச்சை ஏற்றுத் திரிந்த பரதேசி ஒருவரிடம் அதன் பிரதி இருப்பதாகத் தெரியவந்தது. அவர் போகும் தெருவெல்லாம் பின்சென்று, அவர் வேண்டியவற்றைச் செய்துகொடுத்து, அவர் மனம் இளகிய வேளையில் பாடம் கேட்டுப் பிரதியும் செய்துகொண்டார் பிற்கால மகாவித்துவான். ‘இளமையில் வறுமையிலும் கற்றார்’ என்று நாம் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் இடம் இது. சாமிநாதையரோ அந்தத் தெருவையும் அந்தப் பரதேசியையும் நம் கண்முன் நிறுத்துகிறார். நூல் கிடைக்கும் அருமை அன்று எத்தகையது, கற்பதற்காக ஒருவர் எவ்வளவு தூரம் தம்மைத் தாழ்த்திக்கொண்டார் என்பவை அதன்பின் விளக்கமின்றியே விளங்கிவிடுகின்றன.

கற்பித்த முறையையும் அவர் விடவில்லை. ஆசிரியர் செய்யுளை வாயாற் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஒருவர் ஓலையில் எழுதுவார். முன்னரே எழுதி மனனம் செய்ததை ஒப்பிப்பதுபோல் பாட்டுகள் வரும். அந்த மாணவர் கூட்டத்தில் சைவர்கள் மட்டும் இல்லை. கிறித்தவரான சவரிராயலு நாயக்கர் அங்கே பாடம் கேட்டார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் கற்றவர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர். பல இனத்தாரும் சமயத்தாரும் ஒரே வகுப்பில் அமரும் நாட்டில் வாழும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1870களில், ஒரு சைவ மடத்தின் வித்துவானிடத்தில் இது இயல்பாக நடந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

சாமிநாதையர் தம்மைப் பற்றி எழுதிய ‘என் சரித்திரம்’ 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. அதில் வரும் ஒரு காட்சியை ஆசிரியர் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். புதிதாக வந்து சேர்ந்த சாமிநாதனுக்கு ஆசிரியரிடம் நேரே பேசவும் அச்சம். ஆசிரியருக்கோ தோட்டத்துச் செடிகளின் மேல் அளவற்ற பிரியம். காலையில் எழுந்ததும் எந்தச் செடி தளிர்த்திருக்கிறது என்று பார்ப்பார். அதைக் கண்டுகொண்ட மாணவன், விடியுமுன் தோட்டத்துக்குச் சென்று புதிய தளிர்கள் எங்கெங்கே தோன்றியிருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்வான். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவான். ஆசிரியர் மகிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில் மெல்லத் தன் பாடத்தைப் பற்றிக் கேட்பான். தான் செய்த இந்தச் சிறு தந்திரத்தை முதுமையில் அவர் ஒளிக்காமல் எழுதினார்.

இதுவரை சொன்னவை இனிய செய்திகள். ஆசிரியரின் குறையையும் மாணவர் எழுதலாமா? இங்கேதான் நம் வாழ்க்கை வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை தடுக்கி விழுகின்றன. இறந்தவரைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். ஆசிரியரைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டியதில்லை.

மாயூரத்தில் இருந்தபோது சாமிநாதன், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தான். தமிழாசிரியருக்கு இது தெரியாது. ஒருநாள் பாரதியாரின் வாய்மொழியாகவே தெரியவந்தது. இசையில் மனம் போனால் இலக்கண இலக்கியப் பயிற்சி கெடும் என்பது பிள்ளையவர்களின் கருத்து. அதை உணர்த்தினார், மாணவன் சங்கீதப் பாடத்தை நிறுத்தினான். இசையில் வேரூன்றிய குடும்பத்தில் பிறந்தவன் அவன். அவனுக்கு அது எளிய இழப்பன்று. இதே பிள்ளையவர்கள், நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்த பாரதியாரைப் பலமுறை காத்திருக்கச் செய்தவர். கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் இருப்பதும், கதை பெரியபுராணத்திலிருந்து வேறுபடுவதும் அவருக்கு உடன்பாடில்லை. ஒருநாள் பாரதியார் தம் பாட்டைத் தாமே பாடக் கேட்டு உருகிய பின்புதான் பாயிரம் பிறந்தது. ஆசிரியரின் இறுக்கத்தையும் அது இளகிய கணத்தையும் மாணவர் ஒருசேரப் பதிவு செய்திருக்கிறார். தாம் பாதியில் விட்ட அந்தச் சங்கீத ஆசிரியரைப் பற்றியும் 1936ஆம் ஆண்டில் தனியாக ஒரு வரலாறு எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் கிடந்த ஒரு கடனைத் தீர்த்ததாகவே நான் அதைக் கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலை ஒப்பித்தார் ஐயர். முதலியாரின் முகத்தில் எவ்வித மாறுதலும் இல்லை. சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த கேள்வி. படித்ததில்லை. அவற்றை அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. தம் பெருமிதம் சரிந்த அந்த நாளை, தம் ஆசிரியருடைய கல்வியின் எல்லை வெளிப்பட்ட அந்த நாளை, அவர் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்ததன் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சரிவை மறைத்திருந்தால், அவர் ஏன் ஏடு தேடப் புறப்பட்டார் என்பதே நமக்குப் புரியாமற் போயிருக்கும். ஆசிரியரின் எல்லையைச் சொல்வதால் ஆசிரியரின் மதிப்புக் குறைந்ததா? அந்நூல்களைப் படித்த எவரும் அவ்வாறு சொல்லமாட்டார்.

‘என் சரித்திரம்’ முற்றுப்பெறவில்லை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படைகள் நம் ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூருக்குள் புகுந்தன. போரின் அச்சம் சென்னையையும் தொட்டது. முதியவரான சாமிநாதையர் திருக்கழுக்குன்றத்துக்குப் பெயர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். வாழ்க்கைக் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. பின்னர் அவருடைய மாணவர், கலைமகள் ஆசிரியர் கி.வா. ஜகந்நாதன், ‘என் ஆசிரியப்பிரான்’ என்னும் நூலை எழுதினார். ஆசிரியரை மாணவர் எழுத, அந்த மாணவரை அவர் மாணவர் எழுதினார். இவ்வாறு மூன்று தலைமுறை தொடர்ந்த சங்கிலி தமிழில் அரிது.

மாணவர்தாம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாரதியாரைப் பற்றி வ.ரா. எழுதியதை அறிவீர்கள். புதுச்சேரியில் சிறுமியாக இருந்தபோது பாரதியாரைக் கண்ட யதுகிரி அம்மாளின் நினைவுகளும் நூலாகியுள்ளன. புகழ்பெற்ற எழுத்தாளர் கண்ட பாரதியார் ஒருவர். அண்டை வீட்டுக் குழந்தை கண்ட பாரதியார் இன்னொருவர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஆள் முழுமையாகிறார். இதைச் சொல்லிவிட்டு நம் நாட்டுக்கு வருகிறேன்.

தனிநாயகம் அடிகளார் 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியராக இருந்தார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது அவர் உழைப்பால். அந்தாவ் தெ புரோவென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ் – போர்த்துக்கீச அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்து, அதே 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். இவையெல்லாம் நூல்களில் இருக்கின்றன. நான் சற்றுமுன் குறைசொன்ன பட்டியல் கட்டுரையைப் போலவே நானும் இப்போது பேசுகிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அடிகளார் வகுப்பறைக்குள் எப்படி நுழைவார்? மலாயாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சங்கப் பாட்டின் நிலத்தை எவ்வாறு விளக்கினார்? எந்தக் கேள்விக்குச் சினந்தார்? இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் அன்று இருபது வயதில் அவர்முன் அமர்ந்தவர்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: அவர்கள் இன்று எண்பதை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். சாமிநாதையருக்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. நம்மிடம் அந்த அவகாசம் இல்லை.

கோ. சாரங்கபாணி நிலை சற்று நன்று. 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கியவர். ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்காகத் தோட்டத் தொழிலாளியின் கூலியிலிருந்தும் காசு திரட்டியவர். சிங்கப்பூர் ஆய்வாளர் பால பாஸ்கரன் அவரையும் முரசையும் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். ஆயினும் முரசின் மாணவர் மணிமன்றப் பகுதிக்கு எழுதிப் பழகி, பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆனவர்கள் தாங்கள் எவ்வாறு திருத்தப்பட்டோம் என்பதை எழுதினால், அந்த வரலாற்றுக்கு இன்னொரு முகம் கிடைக்கும்.

பேரறிஞர்களை விடுங்கள். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் இந்தச் சாலையின் இருமருங்கிலும் முன்பு ரப்பர்த் தோட்டங்கள், பிறகு செம்பனை, இப்போது தாமான்கள். தோட்டம் போனதும் தோட்டத்துத் தமிழாசிரியரின் வீடும் போனது. இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, பகலில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக் கற்பித்து, நாடகம் எழுதி, திருவிழாவில் மேடையேற்றிய மனிதர்கள் அவர்கள். அவர்களுக்கு யார் வரலாறு எழுதுவார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமானார். துக்கம் கேட்கச் சென்றேன். அவருடைய நூல்களும் குறிப்பேடுகளும் பழைய தாள் வாங்குபவரின் லோரியில் ஏறிக்கொண்டிருந்தன. குடும்பத்தாரைக் குறைசொல்வதற்கில்லை, அவர்களுள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. இசைவு பெற்று நான் இறக்கிக்கொண்டவை மூன்று குறிப்பேடுகள். ஒன்றில், அவரிடமிருந்து இரவல் வாங்கிச் சென்ற மாணவர்களின் பெயரும் நூலின் பெயரும். திரும்பி வந்தவற்றுக்கு எதிரே சிவப்புக் கோடு. கோடில்லாத வரிகளே மிகுதி. இரண்டாவதில், நூல்களை வைக்க ஓர் அலமாரி வேண்டித் தோட்ட நிருவாகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தின் நான்கு வரைவுகள். நான்காவது வரைவில் அலமாரி ஒரு பலகையாகச் சுருங்கிவிட்டது. மூன்றாவதை இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை, எழுத்து மங்கியிருக்கிறது.

ஆசிரியர்களே, அடுத்த பருவத்தில் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, நூலகத்துப் பெயர் ஒன்றைத் தருவதற்கு மாறாக, மாணவரை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பிப் பாருங்கள். மாணவர்களே, அவரிடம் பட்டங்களைக் கேட்காதீர்கள். முதன்முதலில் தாம் காசு கொடுத்து வாங்கிய நூல் எது, அதை எங்கே வாங்கினார், தம் ஆசிரியரிடம் அவருக்குப் பிடிக்காதது என்ன என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே நாளிட்டு எழுதுங்கள். பழைய கடிதம் இருந்தால் படியெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறையும் செல்லுங்கள்; முதல் முறை எவரும் உண்மையை முழுதாகச் சொல்வதில்லை.

அந்த மூன்று குறிப்பேடுகளையும் கொண்டுவந்திருக்கிறேன். மேசைமேல் இருக்கின்றன. இரவல் பட்டியலில் இவ்வட்டாரத்துப் பெயர்கள் பல உள்ளன. தங்கள் பெற்றோர் பெயரோ தாத்தா பாட்டி பெயரோ இருக்கிறதா என்று பார்க்க விரும்புவோர் பேச்சு முடிந்ததும் வரலாம். மங்கிய எழுத்தைப் படிக்கப் பழகிய கண் உடையவர் எவரேனும் இருந்தால் மூன்றாவது ஏட்டுக்கு அவர் உதவி எனக்கு வேண்டும்.