கருடனின் இளமைக் கோலம்

யாழ்ப்பாணத்திலே கருடனைக் கண்டு கன்னத்திற் போட்டுக்கொள்ளாத முதியோர் அரியர். வல்லிபுர ஆழ்வார் கோயில் மணற்பரப்பின் மேலே, செந்நிறச் சிறகும் வெண்ணிற மார்பும் கொண்ட அப்பறவை வட்டமிடும்போது அடியார்கள் அண்ணாந்து கைகூப்புவர். அதன் குஞ்சோ, பறக்கத் தொடங்கிய முதலாண்டில் ஒரு வீட்டு முற்றத்தின் மேலே தாழப் பறக்குமாயின், “பிராந்து, பிராந்து” என்ற கூக்குரல் எழும், கோழிக்குஞ்சுகள் கூட்டுக்குள் விரட்டப்படும், கல்லும் பறக்கும். கும்பிட்ட கையே கல்லெடுப்பதற்குக் காரணம் நிறம் ஒன்றே.

கருடன் என்று நாம் வணங்கும் செம்பருந்தின் இளம்பறவையிடம் செம்மையும் இல்லை, தூய வெண்மையும் இல்லை. உடல் முழுவதும் மங்கிய கபில நிறம். தலையிலும் மார்பிலும் வெளிறிய கீற்றுகள். பெற்றோரின் கோலத்தை எய்த இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அதுவரை பலர் அதனைக் கரும்பருந்தென்றே கொள்வர். தென்னிலங்கையிலுள்ளோர்க்கு இம்மயக்கம் பெரிதும் இல்லை. கரும்பருந்து இத்தீவில் யாழ்ப்பாணம், மன்னார் முதலிய வடபுறக் கரையோரங்களிலேயே மிகுதியாக வாழ்வது.

நிறத்தை மறந்து வாலை நோக்கினால் ஐயம் நீங்கும். கரும்பருந்தின் வால் நீண்டது. நுனி நடுவிற் சற்றே பிளவுபட்டது. பறக்கையில் அது வாலை இடையிடையே திருகும். செம்பருந்தின் வால் குறுகியது, நுனி வட்டமானது. ஆயினும், கரும்பருந்து வாலை முழுவதும் விரிக்கும்போது அப்பிளவு மறைந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்வேளையில் இறக்கையின் அடிப்புறத்தைப் பார்க்கலாம்; இளஞ்செம்பருந்துக்கு அங்கே வெளிறிய திட்டொன்று தெளிவாய்த் தோன்றும். செம்பருந்து கோழிக்குஞ்சைத் தொடவே தொடாது என்று கூறுவதற்கில்லை; எனினும் மீனும், நண்டும், கரையிற் கிடக்கும் கழிவுமே அதன் முதன்மையான உணவு.

பருந்தைக் கழுகென்று மயங்குவோர் நம்மவர் மட்டுமல்லர். 1760ஆம் ஆண்டிலே பிரிசோன் என்ற பிரெஞ்சு அறிஞர் செம்பருந்தைத் தம் நூலிற் சேர்த்தபோது, ‘புதுச்சேரிக் கழுகு’ என்றே அதற்குப் பெயரிட்டார்.

உண்மையான கழுகைக் காண விரும்புவோர் நீரேரிக் கரைக்குச் செல்லவேண்டும். 1938இல் பறவைச் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் அத்தகைய இடங்களுள் ஒன்று. வெண்வயிற்றுக் கடற்கழுகின் விரித்த சிறகு ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலம். முதிர்ந்த கழுகின் தலையும் வயிறும் வெள்ளை. வாலின் அடி கருமை, நுனி வெண்மை. இளங்கழுகிலோ இது தலைகீழ்: உடல் கபிலம், வாலின் அடி வெளிறியது, நுனியை அடுத்துக் கபிலப் பட்டை. முழுக்கோலம் பெற நான்கைந்து ஆண்டுகளாகும். முதலாண்டுக் கழுகின் இறகுகள் யாவும் ஒரே காலத்தில் முளைத்தவை ஆதலால், சிறகின் பின்விளிம்பு வெட்டிவைத்ததுபோல் ஒழுங்காயிருக்கும். அடுத்த ஆண்டில் புதியனவும் பழையனவும் கலந்து அவ்வொழுங்கு கெடும். ஆனால் ஆப்புப் போன்ற குறுகிய வாலும், வட்டமிடும்போது சிறகுகளை மேனோக்கி உயர்த்திப் பிடிக்கும் பாங்கும் எவ்வயதிலும் மாறுவதில்லை.

காலை வேளையிற் பண்ணைப் பாலத்திலே, கதிரவனை முதுகுப்புறம் விட்டு மேற்கு நோக்கி நிற்போருக்கு, மீன்பிடி வள்ளங்களின் மேலே சுழலும் பறவைகளின் வாலும் சிறகும் தெளிவாய்ப் புலனாகும். தொலைநோக்கி இருந்தால் நன்று. இல்லையெனினும் பொறுமை போதும்.