ஹெட்டை மாற்றுமுன் பேரிங்கைப் பாருங்கள்!
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஓட்டோ சைக்கிள் சூத்திரத்தை நாமெல்லாம் பரீட்சைக்காக உருப்போட்டோம். அதைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசையா? ஃபோர்டு மாடல் ஏ இஞ்சினைப் பாருங்கள். 1928 முதல் 1931 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்ற கார். நாலு சிலிண்டர், 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். அமுக்க விகிதம் வெறும் 4.22! ஏன் இவ்வளவு குறைச்சல்? அன்றைய பெட்ரோல் அதிக அமுக்கத்தைத் தாங்காது. இஞ்சின் 'நாக்' அடிக்கும். இன்றைய பெட்ரோல் தாங்கும். அதனால்தான் பழைய கார் பிரியர்கள் 5.5 விகித ஹெட்டை வாங்கி மாட்டுகிறார்கள்.

இதில் வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால், ஹெட் என்பது ஒரு மூடி மாதிரிதான். பிஸ்டன் நகரும் கொள்ளளவு சிலிண்டருக்கு 821 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேலே மிஞ்சும் இடம் 255 சி.சி. புது ஹெட்டில் அது 182. சூத்திரப்படி திறன் 44 சதவீதத்திலிருந்து 49-க்கு ஏறுகிறது. நிஜ இஞ்சினில் அந்த அளவு கிடைக்காது. ஆனாலும் மேடு ஏறும்போது இழுவை நல்லாத் தெரியும்.

சரி, இந்த லாபம் சும்மா வருமா? விகிதம் கூடினால் பிஸ்டனை அழுத்தும் விசையும் கூடும். அதைத் தாங்குவது யார்? கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மூன்றே மெயின் பேரிங். அதுவும் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிய பாபிட் பேரிங். அது தேய்ந்தோ வெடித்தோ இருந்தால் புது ஹெட்டே அதற்கு எமனாகிவிடும். ஆகவே முதலில் ஆயில் சம்ப்பை இறக்கி பேரிங்கைச் சோதியுங்கள். பிறகுதான் ஹெட்.

மாட்டும்போது அவசரம் கூடாது. இரண்டு முகங்களையும் சுத்தம் செய்து, புது காஸ்கெட் வைத்து, இஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டனோ வால்வோ எங்கும் இடிக்கக் கூடாது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக 55 அடி-பவுண்டு வரை முறுக்குங்கள். ஓட்டிச் சூடாக்கிய பிறகு மறுபடியும் சரிபாருங்கள். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கமுள்ள ஸ்பார்க் லீவரைப் பழைய பழக்கத்தில் முழுக்க இறக்கிவிடாதீர்கள். இதற்கு அட்வான்ஸ் குறைவாகவே போதும்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் எந்த இயந்திரத்தை மேம்படுத்தினாலும், "எவ்வளவு கூடும்?" என்று கேட்பதற்கு முன்னால் "எது தாங்கும்?" என்று கேளுங்கள்.