வரைபடத்தைத் தின்ற ஆடு

படகையே வீடாக்கிக் கடலில் வாழ்பவர்களுக்குப் புயல்தான் பெரிய பகை என்று நினைக்கிறோம். அன்றாடம் நேரும் சின்னச் சின்ன இடைஞ்சல்கள்தாம் அவர்களை அதிகம் சோதிக்கின்றன. உலகைத் தனியாளாகப் பாய்மரப் படகில் முதன்முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம், 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து ‘ஸ்ப்ரே’ என்ற படகில் கிளம்பினார். நீளம் சுமார் 37 அடிதான். அசோர்ஸ் தீவுகளைத் தாண்டியதும் பிளம் பழத்தையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துச் சாப்பிட்டு, வயிற்றுவலியில் சுருண்டு விழுந்தார். சுக்கான் பிடிக்க வேறு ஆளில்லை. பிறகு செயின்ட் ஹெலினா தீவில் ஏற்றிக்கொண்ட ஆடு, கயிறுகளைக் கடித்ததோடு நிற்காமல், மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தையும் தின்றுவிட்டது. கரையில் இருப்பவருக்கு இது சிரிப்பு. பாறை மறைந்த கடலில் போகிறவருக்கு உயிர்ப் பிரச்சினை.

புயல்தானே உயிரைப் பறிக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஸ்லோகமும் பின்னாளில் அதே படகோடு கடலில் காணாமல்போனவர்தான். ஆனால் புயலுக்கு வானம் கறுக்கும், காற்று மாறும். பாயைச் சுருக்க அவகாசம் உண்டு. கெட்ட உணவுக்கும் அறுந்த கயிற்றுக்கும் அப்படி எந்த அறிகுறியும் கிடையாது. ஓடிப்போய்க் கேட்க மருத்துவரும் இல்லை, கடையும் இல்லை. ஸ்லோகம் அந்த ஆட்டை அசென்ஷன் தீவில் இறக்கிவிட்டார். தொலைந்த வரைபடம் இல்லாமலே மேற்கிந்தியத் தீவுகளைக் கடந்து, 1898 ஜூனில் நியூபோர்ட் துறைமுகம் சேர்ந்தார்.