ஓசூர்ச் சாலையில் மூன்று நாள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அடுகோடியில் வாழும் நமக்கு ஓசூர்ச் சாலை என்பது ஊருக்குப் போகும் வழி. பொங்கலுக்கும் திருமணத்திற்கும் இரவில் பேருந்து ஏறுகின்றோம். கண் விழித்தால் சேலமோ வேலூரோ வந்துவிடுகிறது. நாம் உறங்கிக் கழிக்கும் அந்த இடைவழியில் ஒரு நாடே கிடக்கின்றது. அதனை நாமும் நன்கு அறியோம். நம் பிள்ளைகளும் அறியார். அந்த நாட்டைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

சுற்றுலா என்றவுடன் நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்று எண்ணுகின்றோம். நாள்தோறும் ஓர் ஊரில் தங்கினால், மூட்டை கட்டுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஒரு சிற்றூரில் மூன்று நாள் தங்கி, சுற்றியுள்ள ஊர்களை அமைதியாகக் கண்டுவருவதே சிறந்த முறை. அதற்குக் கெலமங்கலம் ஏற்ற இடமாகும். அது ஓசூருக்குத் தெற்கே உள்ளது. ஒருபுறம் தேன்கனிக்கோட்டை, மறுபுறம் இராயக்கோட்டை. இவ்வட்டாரத்துத் தோட்டவீடுகளில் தங்குவதற்கு இடம் கிடைக்கிறது. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் உண்டு, குளிர்ந்த காற்றில் உறங்கி எழலாம்.

முதல் நாள் ஓசூரைக் காணலாம். குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் கோயில் விளங்குகிறது. மலையடியில் சிறிது நேரம் நின்றாலே தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே காதில் விழும். மூன்று மொழியும் ஒரு தெருவில் பகையின்றி வாழக் கூடும் என்பதற்கு ஓசூரைக் காட்டிலும் சான்று வேண்டுவதில்லை. ஓசூருக்கு அண்மையில் உள்ளது தொரப்பள்ளி. 1878ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் இராசாசி பிறந்த ஊர் அது. அவர் பிறந்த சிறிய வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. ஓசூரில் பயின்ற அச்சிறுவர், பெங்களூர்ச் சென்டிரல் கல்லூரிக்கு வந்து கற்று, பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராக உயர்ந்தார். நம் பிள்ளைகள் அவ்வீட்டின் அளவைத் தம் கண்ணால் காண வேண்டும். பெருமை வீட்டின் அளவில் இல்லை என்பது அவர்க்குத் தானே விளங்கும்.

இரண்டாம் நாள் காலையில் இராயக்கோட்டை மலை ஏறலாம். வெயில் ஏறுமுன் ஏறுதல் நன்று. குடிநீரும் கொண்டு செல்க. கீழே பாராமகால் நாட்டிலிருந்து மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறும் கணவாயைக் காத்து நின்றது இக்கோட்டை. 1791இல் திப்பு சுல்தானுடன் நடந்த போரில் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். மறு ஆண்டு உடன்படிக்கையால் பாராமகாலும் அவர்கள் வசமாயிற்று. ஒரு கணவாயைப் பிடித்தவர் கையில் ஒரு நாடு எவ்வாறு விழுகிறது என்பதை, மலையுச்சியில் நின்று நோக்கினால் எந்த நூலும் இன்றி அறிந்துகொள்ளலாம். இறங்கி வந்தால் தக்காளிச் சந்தை. மாலையில் தேன்கனிக்கோட்டை வழியாகத் தளி வரை செல்லலாம். குளிர்ச்சி கருதித் தளியைச் 'சின்ன இங்கிலாந்து' என்பர். ஆனால் அவை யானை நடமாடும் காடுகள். இருட்டுமுன் திரும்பிவிடுதல் கடமை. காடு யானையின் வீடு, நாம் விருந்தினரே.

மூன்றாம் நாள் பழமையை நாடுவோர்க்கு உரியது. சூளகிரி வட்டாரத்து மல்லசந்திரத்தில், குன்றின்மேல் பெருங்கற்கால மக்கள் பலகைக் கற்களால் அமைத்த ஈமக் கல்திட்டைகள் நிற்கின்றன. குந்தாணி என்னும் ஊரோ, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போசள மன்னன் வீர இராமநாதனுக்குத் தலைநகராய் இருந்தது. நமக்கு மிக அண்மையில் உள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் போசளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. குந்தாணியைக் கண்டு வந்தபின் தொம்மலூரை நோக்குங்கள். எல்லைக்கோடு பிற்காலத்தது, மக்கள் போக்குவரத்து முற்காலத்தது என்பது புலனாகும்.

திரும்பும் வழியில் தவறாது காணவேண்டிய இடம் ஒன்றுண்டு. அது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு அங்கே தேங்கி, பின் கிருஷ்ணகிரி அணையையும் 1958இல் நிறைவுற்ற சாத்தனூர் அணையையும் கடந்து, திருக்கோவலூர் வழியாகக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அவ்வணையில் மழைக்காலத்தில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதைப் பலமுறை செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். அந்த நுரை எங்கிருந்து வருகிறது?

அன்பர்களே! அடுகோடியின் கழிவுநீர் கோரமங்கலத்துக் கால்வாய்களில் ஓடிப் பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அதன்பின் தென்பெண்ணை. 2017இல் தீப்பற்றிப் புகைந்த பெல்லந்தூர் ஏரியே நம் சாக்கடையின் முதல் தங்கல். நாம் ஊருக்கு அனுப்பும் பணவிடை ஒருநாள் தவறினாலும் வருந்துகின்றோம். ஆனால் நாள்தோறும் நாம் அறியாமலே நம் தாயகத்து உழவனுக்கு அனுப்புவது இந்த நுரை. அவ்வாற்று நீரில் நெல் விளைப்பவர் நம் உறவினராகவும் இருக்கலாம்.

ஆகவே சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். வரும் கோடை விடுமுறையில் இருபது குடும்பங்களேனும் ஒன்றுகூடி இம்மூன்று நாள் பயணத்தை மேற்கொள்ள வேண்டும். பிள்ளைகள் குறிப்பேடு கொண்டு வரட்டும். தாம் கண்டதைத் தமிழில் எழுதட்டும். அவற்றுள் நல்லன அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறட்டும். அதன்பின், கழிவுநீரைத் தூய்மை செய்தே ஏரியில் விட வேண்டும் என்று மாநகராட்சியிடமும் நீர்வழங்கு வாரியத்திடமும் முறையிடும்பொழுது, கன்னட அண்டை வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்வோம். ஆறு அவர்களுக்கும் உரியது. அவர்கள் நாட்டிலேயே பிறப்பது.

அறிந்த நாட்டின்மேல்தான் அன்பு பிறக்கும். அன்பு பிறந்தால் காக்கும் கடமையும் உடன் பிறக்கும். அடுத்தமுறை ஓசூர்ச் சாலையில் செல்லும்பொழுது நாம் விழித்திருப்போமாக.