திரையில் ஒரே முகம்: கறுப்பின ஆடவரும் தமிழர் இல்லங்களும்



ஜேர்மனியின் வால்டோர்ஃப் ஒரு சிறு நகரமே. ஆயினும் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் அங்கு அமைந்திருப்பதால், பல நாட்டவரும் கலந்து வாழும் ஊராக அது விளங்குகின்றது. தமிழ்ப் பிள்ளைகளும் ஆபிரிக்கப் பெற்றோரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பிற் கற்பதும், ஒரே அணியிற் பந்து விளையாடுவதும் இத்தகைய ஊர்களில் இயல்பானவை. ஆனால் மாலையில் வீடு திரும்பும் தமிழ்ப் பிள்ளை, தமிழ்த் திரைப்படத்திற் காணும் ஆபிரிக்கர் யார்? பெரும்பாலும் போதைப்பொருள் கடத்துபவர். அல்லது கதாநாயகனிடம் அடிவாங்கும் அடியாள்.

2013 யூலையில் வெளியான ‘சிங்கம் 2’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் போதைப்பொருள் கடத்தும் ஆபிரிக்கராக நடித்தவர் டனி சபானி. அவர் இலண்டனைச் சேர்ந்த தேர்ந்த மேடை நடிகர். 2024 இல் இலண்டன் அல்மெய்டா அரங்கில் சேக்சுபியரின் லியர் மன்னனாகத் தோன்றியவரும் அவரே. இத்துணை ஆற்றல் மிக்க ஒருவருக்குத் தமிழ்த் திரை வழங்கிய வேடம் அதுவொன்றே.

கறுப்பினத்தவர் எதிர்நாயகனாக வரவே கூடாது என்பதன்று வாதம். தமிழ்ப் படத்தில் ஒரு தமிழன் கொடியவனாக வந்தால், அவனருகே நல்ல தமிழ் ஆசிரியர், தாய், தோழன் எனப் பலரும் உளர். ஆபிரிக்கர் மட்டும் தனித்து நிற்கின்றார். அதனால் அந்த ஒருவரே ஓர் இனத்தின் அடையாளமாகிவிடுகின்றார்.

‘சிங்கம் 2’ வெளியாகி ஏழு கிழமைகளின் பின், ‘மெட்ராஸ் கஃபே’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. ஈழத்தமிழரின் போராட்டத்தை அது திரித்துக் காட்டுகின்றதெனத் தமிழர் கொதித்தெழுந்தனர்; தமிழகத்தில் அது திரையிடப்படவில்லை. 2021 இல் ‘த ஃபமிலி மான்’ தொடரின் இரண்டாம் பருவத்தைத் தடுக்கக் கோரி, தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் நடுவண் அரசுக்கு மடல் எழுதினார். ஓர் இனத்தை ஒரே அச்சில் வார்ப்பது அநீதி என்பதைத் தமிழர் நன்கறிவர். அவ்வாறாயின், ஒன்றை எதிர்த்த அதே கைகள் மற்றொன்றுக்குத் தட்டியது எவ்வாறு?

வாழும் நாடான ஜேர்மனியின் வரலாறும் இங்கு ஒரு பாடம். 1904 இல் தார் எஸ் சலாமிற் பிறந்த பயூமே முகமது ஹுசேன், முதலாம் உலகப் போரில் சிறுவனாகவே ஜேர்மன் குடியேற்றப் படையிற் பணியாற்றியவர். பேர்லினில் சுவாகிலி மொழி கற்பித்தலில் உதவியவர். திரையில் அவருக்குக் கிட்டியவை பெரும்பாலும் சிறு வேடங்களே. நாசிக் காலப் பரப்புரைப் படமான ‘கார்ல் பீட்டர்ஸ்’ வெளியான 1941 ஆம் ஆண்டிலேயே அவர் கைது செய்யப்பட்டார். 1944 இல் சக்சன்ஹவுசன் வதைமுகாமில் உயிரிழந்தார். படத்திற்குத் தேவைப்பட்ட அவருடைய முகம், நாட்டிற்குத் தேவைப்படவில்லை.

2017 மார்ச்சில், டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஓர் இளைஞனின் மரணத்தையொட்டிப் போதைப்பொருள் வதந்தி பரவியது. ஆபிரிக்க மாணவர் கும்பலால் தாக்கப்பட்டனர். அதற்குத் திரைப்படமே காரணம் எனக் கூறவியலாது. எனினும், அவ்வதந்தி கூறிய கதையும் திரை கூறிவந்த கதையும் ஒன்றே.

உருவத்தைத் திரை தருகின்றது. பெயரை வீடு தருகின்றது. ‘காப்பிலி’ என்னும் சொல் சில தமிழ் இல்லங்களில் இன்னும் புழங்குகின்றது. அதே வேரிற் பிறந்த சொல் தென்னாபிரிக்காவில் கொடிய இழிசொல்லாகும். வீட்டுக்கு வந்த வகுப்புத் தோழனைப் பற்றி அச்சொல் கூறப்படும்போது, தோழனுக்கு அது விளங்காது. தமிழ்ப் பிள்ளைக்கு விளங்கும், அது தலைகுனியும்.

மாற்று வழியும் உண்டு. 2018 இல் வெளிவந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்னும் மலையாளப் படத்தில், மலப்புறத்தில் உதைபந்தாட வந்த நைஜீரிய இளைஞன் காயமுற்றுப் படுக்கையிற் கிடக்கின்றான். அவனை அவ்வீட்டுத் தாய்மார் பராமரிக்கின்றனர். அவனுக்கும் ஊர் உண்டு, உறவு உண்டு, துயர் உண்டு.

பெற்றோர்களே, பிள்ளைகளுடன் படம் பார்க்கையில் ஒரு வினாவை எழுப்புங்கள்: இந்தக் கறுப்பின மனிதருக்குக் கதையில் ஒரு பெயரும் ஒரு குடும்பமும் உண்டா? இளையோர்களே, குறும்படம் எடுக்கும் நாளில், அருகிருக்கும் வகுப்புத் தோழனை உள்ளவாறே அதிற் காட்டுங்கள். தமிழரை உள்ளவாறு காட்டுக என உலகிடம் கேட்கும் உரிமை அப்போதே முழுமை பெறும்.