வெளிச்சத்துக்குப் பட்டா யார் பேரில்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2030க்குள் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற விலையில் நவீன ஆற்றல். இது ஐ.நா. சபை 2015ல் அறிவித்த 17 இலக்குகளில் ஏழாவது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 'எல்லோரும்'னா யாரு? இந்தக் கேள்வியை ரெண்டு இடத்துல கேட்கணும். ஒண்ணு, நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல. இன்னொண்ணு, ஊருக்கும் சேரிக்கும் நடுவுல.

முதலில் நாடுகளின் சண்டையைப் பார்ப்போம். 1992ல் ரியோ டி ஜெனிரோவில் புவி உச்சி மாநாடு நடந்தது. அங்கே கையெழுத்துக்கு வந்த காலநிலை ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு என்ன சொல்கிறது? சுற்றுச்சூழலைக் கெடுக்காத தொழில்நுட்பம் ஏழை நாடுகளுக்குக் கிடைக்கப் பணக்கார நாடுகள் வழிசெய்ய வேண்டும், அதற்குப் பணமும் தர வேண்டும் என்கிறது. காலனிகளைச் சுரண்டி, தலைமுறை தலைமுறையாகக் கரியை எரித்து வளர்ந்தவர்கள் இதைத் தர்றது தர்மம் இல்லீங்க, பட்ட கடன்.

அடுத்த மூணே வருசத்துல, 1995 ஜனவரி 1ல் உலக வணிக அமைப்பு வந்தது. கூடவே வந்த டிரிப்ஸ் ஒப்பந்தம் காப்புரிமைக்கு 20 ஆண்டு ஆயுள் கொடுத்தது. ஒரு கையால் நீட்டியதை மறு கையால் பூட்டி வைத்தார்கள். 2009ல் கோபன்ஹேகனில், 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். பணக்கார நாடுகளின் அமைப்பே போட்ட கணக்கின்படி, அந்தத் தொகை எட்டியது 2022ல்தான். அதிலும் அரசுகள் வழியாக வந்த பணத்தில் பெரும்பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

இந்தியா 2010ல் தேசிய சூரிய மின்திட்டம் தொடங்கியது. அதில் ஒரு பகுதிக்கு உள்நாட்டில் செய்த தகடுகளையே வாங்க வேண்டும் என்று விதி வைத்தது. 2013ல் அமெரிக்கா வழக்குப் போட்டது. 2016ல் உலக வணிக அமைப்பு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆக, தொழில்நுட்பத்தைக் கொடுக்கவும் மாட்டார்கள், நாமே செய்து பழகவும் விடமாட்டார்கள்.

'அனுபவிச்சவனையும் இல்லாதவனையும் ஒரே தட்டுல வைக்காதே' என்பது உலக மேடையில் இந்திய அரசு வைக்கிற வாதம். நியாயமான வாதம். நாமும் ஏற்கிறோம். ஏற்றுக்கொண்டு, அதே மரக்காலால் உள்ளேயும் அளக்கச் சொல்கிறோம்.

மின்சாரம் பெற்ற கிராமம்னா எது? 1997 வரை இருந்த அரசு விதிப்படி, கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எதற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும். ஆண்டை வயல்ல ஒரு பம்புசெட்டு ஓடினா சேரிக்கும் சேர்த்து வெளிச்சம் வந்ததாகக் கணக்கு. 1997ல் விதியைத் திருத்தி, குடியிருப்புக்குள் மின்சாரம் வந்திருக்க வேண்டும் என்றார்கள். எந்தக் குடியிருப்பு, ஊரா சேரியா? அதைச் சொல்லவில்லை. கம்பியும் டிரான்ஸ்பார்மரும் தலித் குடியிருப்புக்கும் போயிருக்க வேண்டும் என்று விதியில் எழுதியது 2004ல். சுதந்திரம் வாங்கி 57 வருசம் ஆச்சு, சேரின்னு ஒண்ணு இருக்குன்னு இந்த விதி ஒத்துக்க! அப்போதும் நூற்றுக்குப் பத்து வீட்டில் விளக்கு எரிந்தால் போதும். 2018 ஏப்ரலில் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு எல்லாக் கிராமத்துக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக அறிவித்ததும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

'அது பழைய கதை, இப்ப சோலார் வந்தாச்சு, சூரியனுக்கு ஏது சாதி?' என்று சிலர் கேட்கலாம். சூரியனுக்குச் சாதி இல்லைதான். ஆனா தகடு நட நிலம் வேணும். நிலத்துக்குச் சாதி இருக்கு.

கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் பாவகடா என்றொரு வறண்ட பகுதி. அங்கே ஐந்து கிராமங்களில் ஏறக்குறைய 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா அமைத்தார்கள். 2019 கடைசியில் அது முழு அளவுக்கு வந்தது. நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கிக் குத்தகைக்கு எடுத்தார்கள். மழை பொய்த்த பூமியில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். நிலமே இல்லாத கூலிக்காரர்களுக்கு? குத்தகை யார் பேரில் நிலம் இருக்கிறதோ அவர்களோடு மட்டும். களையெடுப்புக் கூலி போச்சு, அறுப்புக் கூலி போச்சு, ஆடுமாடு மேய்ந்த இடம் வேலிக்குள்ளே போச்சு. நிலமற்ற கூலிகளில் தலித்துகள்தான் அதிகம். சிலருக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை? தகடு துடைப்பது, புல் வெட்டுவது, காவல் காப்பது. எவ்வளவு புதிய தொழில்நுட்பம் வந்தாலும் நம் கைக்கு வருவது துடைக்கிற துணிதானா?

சோலார் வேண்டாம்னு சொல்ல வரலே. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பில் இருந்தது. மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் மக்கள் வறுமையிலிருந்து மீள முடியாது என்று 1943லேயே வாதிட்டார். எத்தனை மெகாவாட் என்பதல்ல, எத்தனை பேரை விடுவிக்கிறது என்பதே அவர் கணக்கு.

அந்தக் கணக்கிலிருந்து நம் கோரிக்கைகள் வருகின்றன. குத்தகை வருமானம் வரும் இடத்தில் நிலமற்றோருக்கும் ஆண்டுதோறும் பங்கு வேண்டும். தகடு பொருத்துவது, பழுது பார்ப்பது, நிர்வாகம் ஆகிய வேலைகளில் பயிற்சியும் இடஒதுக்கீடும் வேண்டும். சூரிய மின்பூங்காக்கள் வரும் தமிழ்நாட்டில், எடுக்கப்படும் நிலத்தில் பஞ்சமி நிலம் உண்டா என்று முதலில் சர்வே செய்ய வேண்டும். வெளிநாட்டு நிதி வந்தால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சாதிவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் மாவட்டத்தில் சோலார் வேலி போட்ட ஊருக்குப் போங்கள். நிலம் யார் பேரில் இருந்தது, அங்கே கூலி வேலை செய்தவர்கள் யார், இப்போது அவர்கள் எங்கே என்று கேட்டு எழுதி வாருங்கள். அந்த நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.